பங்குனி ஆமையின் முதுகில் ஒரு குட்டி உலகம்! கண்ணுக்குத் தெரியாத பாசிகள் அங்கே என்ன செய்கின்றன?

கடலூர் கடற்கரைக்கு ஆண்டுதோறும் ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட வருகின்றன ஆலிவ் ரிட்லி எனும் பங்குனி ஆமைகள். ஆனால் அவை தனியாக வருவதில்லை. ஓட்டிலும் தோலிலும் டயாட்டம் என்ற நுண்பாசிகளையும் சுமந்து வருகின்றன.

டயாட்டம் என்றால் என்ன?

ஒரே செல் கொண்ட பாசி. கண்ணாடி செய்ய உதவும் சிலிக்காதான் இதன் மேலுறை. மைக்ரோஸ்கோப் இல்லாமல் பார்க்க முடியாது.

ஆமை மேல் ஏன்?

பாசிக்கு ஒட்டிக்கொள்ள இடமும் வெயிலும் வேண்டும். மூச்சு விட ஆமை அடிக்கடி நீர்மட்டத்துக்கு வரும். இரண்டும் கிடைத்துவிடுகிறது!

ஆமைக்குப் பாதிப்பா?

டயாட்டம் ரத்தம் உறிஞ்சுவதில்லை. சூரிய ஒளியில் தன் உணவைத் தானே தயாரிக்கிறது.

திமிங்கலத்திலும் உண்டா?

உண்டு. குளிர்ந்த கடலில் நீலத் திமிங்கலத்தின் வயிற்றில் டயாட்டம் மஞ்சளாகப் படியும். அதனால்தான் அதற்கு 'கந்தக வயிறு' என்ற பழைய பெயர்.

இதில் என்ன முக்கியம்?

கோஸ்டா ரிகாவில் இதே ஆலிவ் ரிட்லி ஆமைகளின் மேலிருந்து செலோனிகோலா, பௌலினியா என்ற 2 புதிய டயாட்டம் பேரினங்களை ஆய்வாளர்கள் 2015-ல் அறிவித்தனர். ஆமையின் உடலையே வீடாகக் கொண்ட பாசிக்கு, ஆமை போனால் வீடும் போச்சு.

இழுவலையில் சிக்கும் ஆமை, மூச்சு விட மேலே வர முடியாமல் இறக்கிறது. அதோடு அந்தக் குட்டி உலகமும் முடிகிறது.

கரையில் ஆமையைப் பார்த்தால்?

டார்ச் அடிக்காதீங்க, பாசியைச் சுரண்டாதீங்க. வனத்துறைக்குச் சொன்னாலே போதும்.