975,000: பதின்மூன்று பங்காக வெட்டப்பட்ட எண்

பசறை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டமொன்றின் மாதக் கொழுந்துக் கணக்கைக் கூட்டினால் விடை மூன்று பூச்சியத்தில் முடியும் என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் எதிர்பார்க்கமாட்டார். எண்ணியோ நிறுத்தோ பெறப்படும் ஒரு பெரிய எண்ணில் கடைசி மூன்று இலக்கமும் தற்செயலாகப் பூச்சியமாக வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்பே உண்டு.

1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் அப்படிப்பட்ட எண்கள் நான்கு உள்ளன. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மலையகத் தமிழர் 975,000 பேர் எனக் கொள்ளப்பட்டது. இவர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிகுதி 150,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்று விடப்பட்டது.

இந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 1 ஐ விடப் பெரிய எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக எழுதலாம். அப்படி எழுதும் வழி ஒன்றே ஒன்றுதான். 975,000 ஐ அவ்வாறு பிரித்தால் மூன்று தடவை 2, ஒரு தடவை 3, ஐந்து தடவை 5, கடைசியில் ஒரு 13 வரும். அந்த 13 ஐ நீக்கிவிட்டு மற்றவற்றைப் பெருக்கினால் 75,000. மற்ற மூன்று எண்களுக்கும் மிகப்பெரிய பொதுவகுத்தி இதே 75,000 தான்.

அதாவது ஒரு சமூகம் 75,000 பேர் கொண்ட 13 பங்குகளாக வெட்டப்பட்டது. இந்தியாவுக்கு 7, இலங்கைக்கு 4, யாருக்கும் இல்லாமல் 2. ஒப்பந்தத்தின் 7:4 என்ற விகிதம் இங்கிருந்தே வருகிறது. 15 ஆண்டில் முடிப்பதென்றால் ஆண்டுக்கு 35,000 பேர் போகவேண்டும், 20,000 பேர் இங்கே பதியப்படவேண்டும். 13 ஒரு பகா எண். அதைச் சரிபாதியாக்க முடியாது. மிஞ்சிய 2 ஐ மட்டும் பாதியாக்கலாம். 1974 இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அதையே செய்தார்கள்: ஆளுக்கு 75,000. முடிவில் 8:5.

தாளில் இது மீதியில்லாமல் வகுபடும் கணக்கு. லயத்துக் காம்பராவில் அப்படியில்லை. தாத்தா, பாட்டி, தகப்பன், தாய், மூன்று பிள்ளைகள் என ஏழு பேர் இருந்த வீட்டை 8:5 ஆகப் பிரிப்பது எப்படி? அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் விண்ணப்பித்த குடும்பங்கள் ஊவாவில் எத்தனையோ. பதுளையில் கோச்சி ஏறியவர்கள் தலைமன்னார் போய்க் கப்பலேறினார்கள்.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தவர்களை எந்தப் பங்கில் சேர்ப்பது? ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை. 1984 இல் போரினால் கப்பலும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே தோட்டங்களில் தங்கிப்போனவர்கள் பலர்.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே அவர்களுக்கு வழிவிட்டது. அதில் பங்கும் இல்லை, விகிதமும் இல்லை. ஒரு திகதி மட்டும் உண்டு: 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்தவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும்.