கோவைக் கொடி: வெட்டினால்தான் காய்க்கும்

‘கொடி பச்சைப்பசேல்னு படர்ந்திருக்கு, காயைத்தான் காணோம்.’ வீட்டுத் தோட்டத்தில் கோவைக்காய் வைத்த பலரும் சொல்வது இது. எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. மூன்றாம் வருடம் கொடி பந்தலைத் தாண்டி முருங்கை மேல் ஏறிவிட்டது. காயெல்லாம் உச்சியில், பறிக்க முடியாமல் பழுத்து, கிளிக்கும் அணிலுக்கும் போனது. வெயில் படாமல் முருங்கையும் பூக்கவில்லை. வெட்டலாம் என்றால் அம்மா விடவில்லை. ‘வளர்ற கொடியில கத்தி வைக்காதப்பா’ என்றார்.

அம்மாவின் தயக்கம் நமக்கும் இருக்கும். ஆனால் கோவையின் குணம் வேறு. புதுத் தளிரின் இலைக் கக்கத்தில்தான் அது பூத்துக் காய்க்கும். பழைய தண்டு நீரையும் சத்தையும் கடத்துமே தவிர, அதில் காய் அதிகம் வராது. வெட்டாத கொடியில் புதுத் தளிர் எட்டாத நுனிக்குப் போய்விடும். உள்ளே இருட்டும் ஈரமும் சேர்ந்து மாவுப்பூச்சிக்கு இடம் கொடுக்கும்.

நடும்போதே கவனம் வேண்டும். கோவையில் ஆண் கொடி, பெண் கொடி தனித்தனி. விதையில் வந்தது ஆணாக இருந்தால் பூ மட்டும்தான் மிஞ்சும். அதனால் நன்றாகக் காய்க்கும் கொடியிலிருந்து, பென்சில் கனத்தில், 4 கணு உள்ள குச்சியாக வெட்டி, 2 கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். 10 அடிக்கு 10 அடி இடத்துக்கு இரண்டு கொடி போதும். பந்தல் கைக்கு எட்டும் 6 அடி உயரம் இருந்தால் நல்லது.

பந்தல் ஏறும்வரை ஒரே தண்டாக விடுங்கள். பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுங்கள். பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் மூன்று, நான்கு கிளை பிரியும். அவற்றை நாலு பக்கமும் திருப்பி விடுங்கள். பிறகு பந்தலைத் தாண்டும் நுனியை வாரம் ஒருமுறை கிள்ளுங்கள். காய்த்து ஓய்ந்த கிளையை 2, 3 கணு விட்டு வெட்டுங்கள்.

பெரிய கவாத்து வருடத்துக்கு ஒருமுறை. மார்கழி, தைக் குளிரில் காய்ப்பு மந்தமாகும். தை முடிந்ததும், மழை இல்லாத நாளாகப் பார்த்து, தரையிலிருந்து 2 முதல் 3 அடி விட்டு முழுவதும் வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்தில் சாணத்தைப் பூசலாம். தூரைச் சுற்றி மண்ணைக் கிளறி, ஒரு கூடை மக்கிய தொழுஉரம், இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போட்டு, மூடாக்கு இட்டுத் தண்ணீர் விடுங்கள். தளிர் வந்ததும் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளிக்கலாம். பழ ஈ குத்தி உதிர்ந்த காய்களைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

வெட்டிய கொடியை வேலியோரம் வீசாதீர்கள். கணு மண்ணில் பட்டாலே வேர் பிடிக்கும். ஹவாய் தீவுகளில் இதே கோவை மரங்களை மூடிப் படர்ந்து பெரும் களையாகிவிட்டது. நல்ல குச்சிகளை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மாட்டுக்குப் போடுங்கள்.

எங்கள் கொடியை ஒருவழியாக மாசியில் வெட்டினோம். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. சித்திரையில் பந்தலடியில் நின்றபடியே காய் பறித்தார். முருங்கையும் பூத்திருந்தது. இப்போது தை கடைசியானால் ‘கத்தி தீட்டியாச்சா?’ என்று கேட்பது அவர்தான்.