கூடிப் படிக்கும் வணிகவியல்

வணிகவியல் என்றால் பேரேடும் ஐந்தொகையும்தான் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆசிரியர் சொல்கிறார், நாம் எழுதுகிறோம், தேர்வில் அதையே திருப்பி எழுதுகிறோம். (இயற்பியலிலும் நிலைமை வேறல்ல!) 1961இல் தொடங்கிய ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம், ஹார்வர்டு முறையைப் பின்பற்றி, நிறுவனங்கள் சந்தித்த உண்மைச் சிக்கல்களை வகுப்பில் விவாதிக்க வைத்தது. ஆனால் அங்கும் சிக்கல் அச்சிட்ட தாளாகவே மாணவன் கைக்கு வரும். சிக்கல் எது என்பதையே பல துறை மாணவர்கள் கூடித் தேடி, தீர்வைச் செய்து பார்க்கும் முறைக்கு வடிவமைப்பு வழிக் கல்வி என்று பெயர்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பாருங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு மலிவான இன்குபேட்டர் செய்யும் பணி 2007இல் ஒரு மாணவர் குழுவிடம் வந்தது. மேலாண்மை படித்த ஜேன் சென்னும், நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ராகுல் பணிக்கரும் அக்குழுவினர். அவர்களுள் ஒருவர் நேபாளம் சென்றார். நகர மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன! குழந்தைகள் பிறந்ததோ தொலைவான சிற்றூர்களில். எனவே பெட்டியை விட்டு, மெழுகு போன்ற பொருளின் சூட்டைச் சில மணி நேரம் காக்கும் ஒரு சிறு பையைச் செய்தனர். பின்னர் மகாராஷ்டிரத்தில் ஒரு தாய், 37 பாகை வரை சூடாக்கச் சொன்னால் தாம் 30 பாகையோடு நிறுத்திவிடுவேன் என்றாராம். மருந்தின் வேகத்துக்கு அஞ்சுவது போன்ற அச்சம். உடனே எண்களை நீக்கி, 'சரி' என்று காட்டும் குறியை வைத்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு வீட்டு நினைவு வந்தது. திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் கோயில் வாசலில் என் தாயார் மாலை விற்கிறார். மணமாகாதோர் மாலை சாத்தி வேண்டிக்கொள்ளும் தலம் அது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இந்தப் படிப்பு எதற்கு என்று அம்மா கேட்டதில்லை; கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை.

பி.காம். நண்பனும் நானும், பூ வாடாதிருக்க ஈர மணல் இட்ட இரட்டை மண்பானை ஒன்று செய்தோம். (கடற்காற்றின் ஈரத்தில் அது சரியாகக் குளிரவில்லை.) அதைப் பார்த்த அம்மா சொன்னார்: "வாடறது கெடக்கட்டும்பா. நாளைக்கு எத்தன பேரு வருவாங்கன்னு தெரிஞ்சா அளவா பூ வாங்குவேன்."

நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான். இப்போது முகூர்த்தம், ஞாயிறு, மழை, விற்ற மாலை என்று நண்பன் கோடு போட்டுத் தந்த நோட்டில் பதினோரு நாள் கணக்கு ஏறியிருக்கிறது.