எக்ஸ்ரேயை வெயில்ல பிடிக்காதீங்க சார்!

படப்பை பஸ் ஸ்டாப் டீக்கடை. நண்பருக்கு ஒரகடத்தில் வேலை ரெடி. மெடிக்கல் செக்கப்தான் பாக்கி. கவரிலிருந்து மார்பு எக்ஸ்ரேயை உருவி, வெயிலுக்கு நேராகப் பிடித்தார். டீ மாஸ்டர், பக்கத்து பெஞ்ச் பெரியவர், நான் என்று மூணு பேர் கொண்ட மெடிக்கல் போர்டு உடனே கூடியது. 'சுத்தமா இருக்கு!' - ஏகமனதான தீர்ப்பு.

டாக்டர் அதே ஃபிலிமை வாங்கினார். ஜன்னல் திரையை இழுத்தார், ட்யூப் லைட்டை அணைத்தார், லைட் பெட்டியில் மாட்டினார். "காறை எலும்புக்குக் கீழே ஒரு வெள்ளை மங்கல் தெரியுதா?" அட, தெரிந்தது! சளியைப் பரிசோதித்ததில் காசநோய். நண்பர் முகத்தில் ஈயாடவில்லை.

எங்கள் கண்ணில் கோளாறு இல்லை சார், வெளிச்சத்தில்தான். மேட்னி ஷோவில் யாராவது கதவைத் திறந்தால் திரை வெளுத்துப் போகிறதல்லவா? அதே கதைதான். சுற்றிலும் வெளிச்சம் கொட்டினால், சாம்பலுக்கும் வெள்ளைக்கும் இருக்கும் சின்ன வித்தியாசத்தைக் கண் கோட்டை விட்டுவிடும்.

1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். பிறகு, உடம்புக்குள் நடப்பதை நேரடியாகக் காட்டும் ஃப்ளோரோஸ்கோபி திரை வந்தது. அதில் தெரிந்ததோ மின்மினி வெளிச்சம்! கண் பழக, டாக்டர்கள் இருபது, முப்பது நிமிஷம் இருட்டில் உட்கார்ந்து கிடந்தார்கள். 1916-ல் ஜெர்மனியின் ட்ரெண்டலன்பர்க் சிவப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். இருட்டில் நமக்குப் பார்வை தரும் செல்கள் சிவப்பை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடமாடினாலே, கண் இருட்டுக்குத் தயாராகிவிடும். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934-ல் தொடங்கிய காலத்தில்கூட ஃப்ளோரோஸ்கோபி என்றால் இருட்டறைதான். பிம்பத்தைப் பிரகாசமாக்கும் கருவி 1950-களில் வந்தபிறகே சிவப்புக் கண்ணாடிக்கு ரிடையர்மென்ட்!

வெளிச்சம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? 2013-ல் அமெரிக்காவில் ஒரு குறும்பு செய்தார்கள். நுரையீரல் ஸ்கேனில் கொரில்லா படம் ஒன்றை ஒட்டி, 24 நிபுணர்களிடம் கட்டியைத் தேடச் சொன்னார்கள். 20 பேர் கொரில்லாவைப் பார்க்கவேயில்லை! கண் தேடுவதைத்தான் பார்க்கும்.

ஆகவே, ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனில் எக்ஸ்ரேயை போட்டோ எடுத்து அனுப்பி, 'ஓகேவா டாக்டர்?' என்று கேட்காதீர்கள். ஃபிலிமோடு நேரில் போங்கள். எத்தனை நாளாக இருமல், எங்கே வலி என்று விவரமாகச் சொல்லுங்கள். எங்கே தேடுவது என்று அவருக்கும் தெரிய வேண்டாமா?

நண்பர் ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டுத் தேறி, இப்போது வேலைக்குப் போகிறார். எங்கள் மெடிக்கல் போர்டு? டீயோடு நிறுத்திக்கொண்டது!