மூச்சை அளக்கும் மின்கலம்

வாகனம் ஓட்டுபவர் மது அருந்தியுள்ளாரா என்பதை முன்னாளில் நடையின் தள்ளாட்டமும் நாவின் குழறலுமே காட்டின. களைப்பும் நோயுங்கூட அத்தகைய தோற்றத்தைத் தருமாதலால், குற்றமற்றவர் அகப்படவும் குற்றவாளி தப்பவும் இடமிருந்தது. 1967ஆம் ஆண்டில் பிரித்தானியா, 100 மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிகிராம் மதுசாரம் எனச் சட்டத்தால் எல்லை வகுத்தது. எல்லை ஓர் எண்ணாக அமைந்தபின், அதனை அளக்கும் கருவியும் நம்பத்தக்கதாதல் வேண்டுமன்றோ?

குருதியிலுள்ள மதுசாரத்தின் ஒரு சிறு பங்கு சுவாசப்பையில் ஆவியாகி மூச்சுடன் வெளிவருகின்றது. மேற்கூறிய எல்லைக்கு இணையாக 100 மில்லிலீற்றர் மூச்சில் இருப்பது ஏறக்குறைய 35 மைக்கிரோகிராம் மாத்திரமே. தொடக்கத்தில் இதனை அறிய, மதுசாரம் பட்டதும் மஞ்சளிலிருந்து பச்சையாக மாறும் பளிங்குகள் நிரப்பிய குழாய்கள் பயன்பட்டன. ஆயினும் நிறத்தைக் கண்ணால் மதிப்பிடுதல் துல்லியமான அளவாகாது.

அக்குறையை நீக்க உதவியது எரிபொருட்கலம். ஐதரசனையும் ஒட்சிசனையும் கொண்டு மின்னைப் பெறும் இக்கலத்தை 1839இல் வேல்ஸ் நாட்டவரான வில்லியம் குரோவ் ஆக்கினார். 1970களில் அதே நாட்டில் ரொம் பரி ஜோன்ஸ் என்னும் விஞ்ஞானியும் அவருடன் உழைத்தோரும் இம்முறையைக் கையடக்கமான மூச்சுச் சோதனைக் கருவியில் அமைத்தனர்.

கலத்தின் உள்ளே இருப்பது அமிலத்தில் ஊறிய, நுண்டுளைகள் நிறைந்த சிறு தட்டு. அதன் இரு முகங்களிலும் பிளாற்றினம் பூசப்பட்டுள்ளது. ஒரு முகத்திற் படும் மதுசாரம், வினாகிரிக்குப் புளிப்பைத் தரும் அசற்றிக்கமிலமாக மாறுகின்றது. அப்போது விடுபடும் இலத்திரன்கள் கம்பி வழியே மறுமுகத்தை அடைகின்றன. அங்கே ஒட்சிசன் நீராகின்றது. மதுசாரம் மிகுந்தால் மின்னும் மிகும். நீரிழிவு நோயாளரின் மூச்சிற் காணப்படக்கூடிய அசற்றோன் இக்கலத்தில் மின்னைத் தோற்றுவிப்பதில்லை. ஆதலின், நோயாளர் குடித்தவராகக் கருதப்படும் அபாயம் குறைகின்றது.

எனினும் கலம் மாத்திரம் போதாது. நீண்ட மூச்சின் இறுதியில் வரும் ஆழ்ந்த காற்றையே, ஒவ்வொரு முறையும் ஒரே கனவளவாக, சிறு பம்பி உள்ளிழுத்தல் வேண்டும். காலஞ்செல்லச் செல்லக் கலத்தின் வேகம் தளர்ந்து மின்னோட்டத்தின் உச்சம் தாழும். ஆனால் பாய்ந்த மின்னேற்றத்தின் மொத்தத்தைக் கணக்கிட்டால் அத்தளர்ச்சியால் விளையும் பிழை பெரிதும் நீங்கும். வாயில் எஞ்சிய மதுசாரம் அகல ஏறக்குறைய பதினைந்து நிமிடம் பொறுத்தலும், மதுசார அளவு முன்னரே தெரிந்த காற்றினாற் கருவியைக் காலந்தோறும் சரிபார்த்தலும் அவசியம்.

இவற்றுள் ஒன்று தவறினும் எண் பிழைபடும். பிழைபட்ட எண் ஒருவரின் நற்பெயரையோ, வீதியிற் செல்லும் மற்றொருவரின் உயிரையோ பறித்துவிடக்கூடும்.