கூரையும் எந்திரமே

பெரம்பூர் பின்னி மில்லைப் பஞ்சாலையாகப் பார்த்தவர்களைவிட, சினிமாவில் அடியாட்கள் பறந்து விழும் இடமாகப் பார்த்தவர்களே இன்று அதிகம். அங்கே 1876இல் தொடங்கிய பக்கிங்காம் ஆலையும் 1881இல் வந்த கர்நாடிக் ஆலையும் 1920இல் ஒன்றாக இணைந்தன, 1996இல் மூடப்பட்டன. தறியும் நூல் நூற்கும் ரிங் ஃபிரேமும் பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் கொட்டகைதானே என்று தோன்றும். அப்படியல்ல. பஞ்சாலையில் இருந்த எந்திரங்களிலேயே பெரியது அந்தக் கட்டடம்தான்.

நீராவிக் காலத்தில் ஆலை முழுவதற்கும் ஒரே எஞ்சின். அதன் விசை உத்தரத்தை ஒட்டிச் சுழலும் நீண்ட இரும்புத் தண்டுக்குப் போகும். தண்டிலிருந்து தோல் பெல்ட் வழியாக ஒவ்வொரு எந்திரத்துக்கும் இறங்கும். தண்டு நீள நீள உராய்வில் விசை வீணாகும் என்பதால், ஆலையைப் பக்கவாட்டில் நீட்டாமல் எஞ்சினைச் சுற்றி மாடி மாடியாக அடுக்கினார்கள். இதில் ஒரு வம்பு இருந்தது. எண்ணெய் ஊறிய மரத்தளம், பறக்கும் பஞ்சுத் தூசி, எரியும் விளக்கு மூன்றும் சேர்ந்தால் தீதான். இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் 1797இல் சார்லஸ் பேஜ் வடிவமைத்த ஆளிநார் ஆலை வார்ப்பிரும்புத் தூண்களோடும் உத்தரங்களோடும் எழுந்தது இந்த அச்சத்தால்தான். இரும்புச் சட்டகத்தில் நின்ற உலகின் முதல் கட்டடம் அது, வானளாவிகளுக்கு மூதாதை. பஞ்சாலைகள் நிறைந்த நம் கோவைக்கு 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்து, மெல்ல எந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்றானதும் தண்டுக்கும் வேலை இல்லை, மாடிக்கும் வேலை இல்லை.

அடுத்தது ரம்பப்பல் கூரை. ஒவ்வொரு பல்லின் செங்குத்தான பக்கத்திலும் கண்ணாடி. அது வடக்கு நோக்கியிருக்கும். நேர்வெயில் விழாமல் சீரான வெளிச்சம் கிடைத்தால்தான் அறுந்த இழை கண்ணில் படும். இது வெள்ளைக்காரன் ஊருக்குச் சரி, கோடையில் உச்சிச் சூரியன் வடக்கே சாயும் நம் ஊரில் வெறும் காப்பியடிப்பு என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கோவையில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்வது அதிகபட்சம் சுமார் 12 பாகை. கண்ணாடி செங்குத்தாக இருந்தால் அப்போது உள்ளே விழும் வெயில் பட்டையின் அகலம் கண்ணாடி உயரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். கண்ணாடியைச் சாய்த்து வைத்த கூரையைத்தான் காப்பி என்று குறை சொல்ல வேண்டும்.

ஈரம் ஏறினால் பருத்தி நூலுக்கு வலு கூடும். காய்ந்தால் பட்பட்டென்று அறும். அதனால்தான் தரைக்கடியில் காற்றுக் குழிகள், தண்ணீரைத் தூவும் அறைகள், அடைத்த ஜன்னல்கள். நூலுக்கு இதமான அந்தப் புழுக்கத்தில்தான் தொழிலாளி ஷிப்ட் முழுக்க நின்றார். பஞ்சுத் தூசி அவர் நுரையீரலுக்குள் போனது. இப்படிப்பட்ட இடத்தைக் கலைப்பொருளாகக் கொண்டாடுவதா என்று கேட்பார்கள். கொண்டாட வேண்டாம். ஆனால் யாருக்காக அந்த அறையின் காற்று அளந்து விடப்பட்டது என்பதற்குச் சாட்சி அந்த அடைத்த ஜன்னல்தான்.

மனை போட வருபவர்கள் பெரும்பாலும் புகைபோக்கியை மட்டும் நினைவுச் சின்னமாக விட்டுவைக்கிறார்கள். அது கொதிகலனின் கதையைச் சொல்லும், அவ்வளவுதான். இடிக்கும் முன் தரையில் எந்திரங்கள் நின்ற போல்ட் துளைகளையும் தூண்களின் இடைவெளியையும் காற்றுக் குழிகளையும் அளந்து ஒரு வரைபடமாவது எடுத்து வையுங்கள்.