உங்களுக்குத் தெரியுமா? சிங்கப்பூர் வீழ்ந்த சுரங்க அறை

திருப்பூரிலிருந்து வியாபாரத்துக்கோ உறவினர் வீட்டுக்கோ சிங்கப்பூர் போகிறவர்கள் பெரும்பாலும் சிராங்கூன் சாலைக் கடைவீதியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தச் சாலை இருக்கும் லிட்டில் இந்தியாவிலிருந்து ரயிலில் ஒரே நிறுத்தம் தள்ளி, தோபி காட் ரயில் நிலையத்துக்கு அருகே ஃபோர்ட் கேனிங் குன்று இருக்கிறது. அதனடியில், சுமார் 9 மீட்டர் ஆழத்தில், ‘பேட்டில்பாக்ஸ்’.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைத் தலைமையின் ரகசியக் கட்டளை மையம் அது. தடித்த கான்கிரீட் சுவர்கள், தொலைபேசி இணைப்பகம், தகவல்களைச் சங்கேதமாக மாற்றும் அறை என உள்ளே தனி உலகமே இயங்கியது. 1942 பிப்ரவரி 15 காலை, அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் பெர்சிவல் தன் தளபதிகளை இங்கேதான் கூட்டினார். ஊரில் குண்டுவீச்சால் குடிநீர்க் குழாய்கள் உடைந்து கிடந்தன. எரிபொருளும் தோட்டாவும் தீர்ந்துகொண்டிருந்தன. ஜப்பானியரிடம் சரணடைவதென முடிவாயிற்று. மாலையில் புக்கித் தீமா ஃபோர்டு கார் தொழிற்சாலையில் சரணடைவு ஆவணம் கையெழுத்தானது.

போருக்குப்பின் மறக்கப்பட்டுக் கிடந்த சுரங்கம், 1997-இல் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. அந்தக் கூட்டம் நடந்த அறைக்குள் இன்று நாமே போய் நிற்கலாம்.

நம்மவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் இது. அங்கே எடுத்த முடிவு நம் விடுதலைப் போராட்டத்தையும் தொட்டது. பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க் திடலில் பிரிட்டிஷ் படையில் இருந்த ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பின்னர் நேதாஜியின் அழைப்பை ஏற்று, மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்களும் அந்த ராணுவத்தின் ஜான்சி ராணிப் படைக்கு வந்தார்கள்.